இரண்டாவது பெயர்

ஆலடிப்பேரியில் இங்கிலீஷ் பாடம் மனிதர்களைக் குறைக்கத் தொடங்கிய வருஷம், வடிவுக்கு முப்பத்தெட்டு வயது, அவளுடைய இரட்டைப் பெண்கள் கோமதிக்கும் காந்திமதிக்கும் பதினைந்து, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அதுவரை ஒரு மிளகளவு வித்தியாசமும் கிடையாது. வித்தியாசம் வராமல் வடிவு பார்த்துக்கொண்டாள். வீட்டில் ஒரே ஒரு வாழைப்பழம் இருந்தால் தையல் நூலை எடுத்துப் பழத்தின் நீளத்தை அளந்து, நூலைச் சரிபாதியாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் நகத்தால் கீறி, பிறகு அதே நூலைச் சுற்றி இழுத்து அறுப்பாள். பாதி இவளுக்கு, பாதி அவளுக்கு, தொலியில் ஒட்டியிருப்பதைப் பல்லால் வழித்துக்கொள்வது தன் பங்கு. புருஷன் சுடலையாண்டி மும்பையில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று சேதி வந்த அன்றுகூட, அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, நூலெடுத்துப் பழம் அறுத்தாள்.

பீர் முகம்மது பாயின் லேடீஸ் டைலர் கடையில் அவளுக்கு வேலை. பாய் வெட்டித் தைப்பார், வடிவு கையால் ஓரம் அடிப்பாள், ஊக்கு வைப்பாள், பட்டன் கட்டுவாள். பள்ளிக்கூடப் பாவாடை என்றால் உள்ளே நாலு விரற்கடை துணியை மடித்துத் தைத்து வைப்பது அந்தக் கடை வழக்கம். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ஊரிலுள்ள பெண்பிள்ளைகளில் யார் எவ்வளவு வளர்ந்தாள் என்பது பெற்றவளுக்குத் தெரிவதற்கு முன்னால் வடிவுக்குத் தெரியும்.

அந்த ஜூன் மாதம் பெண்கள் பள்ளிக்குப் பிரிசில்லா என்ற புது இங்கிலீஷ் டீச்சர் வந்தாள். நல்ல பெண், உழைக்கிறவள். ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தபோது, புத்தகத்திலிருந்த மலைகளையும் நதிகளையும் விட்டுவிட்டு, பிள்ளைகளின் பெயரையே போட்டால் மனதில் நிற்கும் என்று நினைத்து, 'மல்லிகா இஸ் டாலர் தேன் பேபி', அதாவது பேபியைவிட மல்லிகா உயரம் என்று கரும்பலகையில் எழுதினாள். உண்மையில் பேபிதான் மல்லிகாவைவிட அரை இஞ்சு உயரம். ஆனால் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மூன்று தடவை கோரஸாகச் சொன்னார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேபியின் பாவாடை தெருவைப் பெருக்கிக்கொண்டே போனது.

பேபியின் அம்மா மறுநாள் வந்து, துணியை நீளமாக வெட்டிக் கெடுத்துவிட்டதாகப் பாயிடம் சண்டை பிடித்தாள். பாய் அளவு நோட்டைப் புரட்டிக் காட்டினார், இஞ்சு டேப்பைப் போட்டுப் பார்த்தார், இரண்டு இஞ்சு ஏற்றித் தைக்கச் சொல்லி வடிவிடம் கொடுத்தார். அந்த வாரமே மாம்பழத்தையும் எலுமிச்சையையும் ஒப்பிட்டார்கள், ஊரிலிருந்த எலுமிச்சை எல்லாம் ஊறுகாய்க்குக்கூட ஆகாமல் கசந்து போயிற்று. அடுத்த வாரம் சரோஜா கறுத்தாள், அதற்கடுத்த வாரம் ஒரு பிள்ளைக்கு ஓட்டம் குறைந்தது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் என்றால் சும்மாவா, அதில் ஏதாவது இருக்கத்தானே செய்யும், இல்லாமலா அத்தனை பேர் அதன் பின்னால் அலைகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். காலங்காலமாக, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார், உன்னைவிட எப்படிப் படிக்கிறது பார் என்று அவர்கள் தமிழில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், ஒரு பிள்ளை அசைந்து கொடுத்ததில்லை. இங்கிலீஷில் சொன்னால் அன்றைக்கே பலன் தெரிந்தது.

பாடத்தை முடித்துவிட்டு டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போகப் பார்த்தாள், பெற்றோர் சங்கம் விடவில்லை. கூட்டம் போட்டு, வருஷம் முழுக்க அந்த ஒரு பாடத்தையே நடத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். யார் பெயர் எந்தக் கிழமை முதலில் வரவேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். சங்கத் தலைவர் மகள் சிந்துஜாவுக்குத் திங்கள்கிழமை கிடைத்தது. கூட்டத்துக்கு வர முடியாமல் வயலுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனவர்களின் பிள்ளைகள் எல்லாக் கிழமையும் இரண்டாவது பெயராகவே வந்தார்கள். பெரியவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு கரும்பலகைக்கு முன்னால் நின்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி ஆனது. பலகைக்கு முன்னால் சொன்னால்தான் பலிக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. நாக்கு புரண்டால் பெயர்கள் இடம் மாறிவிடுமென்று பயந்து, எல்லாரும் வீட்டிலிருந்தே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார்கள். டீக்கடைக்காரர் எதிர்க்கடை டீயைப் பற்றிச் சொன்னார், ஓரகத்தி ஓரகத்தியைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஒருவரை மட்டும் மிஞ்சுவது போதாதென்று, ஊரையே மிஞ்சும் வாக்கியத்தைக் கண்டுபிடித்தார்கள். 'பெஸ்ட்' என்று போர்டு எழுதாத கடை இல்லை, மூன்று ஹோட்டல்காரர்களும் போர்டு வைத்த மறுநாள் மூன்று ஹோட்டலிலும் சோறு சாக்கு மாதிரி ஆனது, மூன்று பேரும் மற்ற இரண்டு ஹோட்டல் சோற்றைத் தின்று பார்த்துத் திருப்தியானார்கள்.

ஒரு விஷயம் மட்டும் வடிவுக்கும் பாய்க்கும் தெரிந்திருந்தது. அந்த வருஷம் உள்மடிப்பைப் பிரித்து இறக்கித் தைக்க ஒரு ஜீவன் வரவில்லை. வந்ததெல்லாம் ஏற்றித் தைக்கத்தான். மல்லிகாவின் பாவாடை நீளம் ஜூனிலும் முப்பத்தேழு இஞ்சுதான், தீபாவளிக்கும் முப்பத்தேழு இஞ்சுதான், பேபி மட்டும் முப்பத்திரண்டுக்கு வந்திருந்தாள்.

"யாரும் வளரல வடிவு" என்றார் பாய், ஒருநாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே. "அடுத்தது குறையுது. அதப் பாத்து இது நெட்டையா நிக்கிற மாதிரி இருக்கு. அம்புட்டுதான்."

வெளியே சொல்லலாமா என்று இருவரும் யோசித்தார்கள். சொன்னால் யார் கேட்பார்கள்? ஜெயித்தவளை வேடிக்கை பார்க்கும் ஊர் தோற்றவளின் பாவாடை ஓரத்தையா பார்க்கப் போகிறது? தென்காசி பஸ்ஸின் கண்டக்டர் ஒருத்தர்தான், ஆலடிப்பேரிக்காரங்களுக்கு மட்டும் மேல்கம்பி எட்ட மாட்டேங்குதே என்று கேட்டார், அவரை வம்புபிடித்தவர் என்று சொல்லிவிட்டார்கள். வடிவு செய்ததெல்லாம் ஒன்றுதான். டீச்சரைத் தனியாகப் பார்த்து, என் பிள்ளைகள் பெயர் முதலிலும் வேண்டாம் இரண்டாவதாகவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். டீச்சரும் சரி என்றாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள்.

தை மாதம் மதுரையிலிருந்து ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தின் கடிதம் வந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் கெட்டிக்காரப் பெண் ஒருத்தியை அனுப்பினால், பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொண்டு, கல்லூரி முடிகிற வரைக்கும் தாங்களே படிக்கவைப்பதாக எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியை வடிவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். இரட்டையர்கள்தான் வகுப்பில் முதல், அதில் சந்தேகமில்லை, ஆனால் காலாண்டிலும் அரையாண்டிலும் இரண்டு பேருக்கும் ஒரே மார்க், நானூற்று அறுபத்து மூன்று, நானூற்று அறுபத்து மூன்று.

"ஒரு மார்க் வித்தியாசம் இருந்தாலும் என் கை எழுதிரும்" என்றார். "இப்படிச் சமமா நின்னா, ரெண்டு பேரையும் தள்ளிட்டுத் தலைவர் மகளை அனுப்பச் சொல்லி எல்லாரும் என் கழுத்துல உக்காருவாங்க. வர்ற திங்கள்கிழமை ஒரு டெஸ்ட் வைக்கேன். அதுலயாவது யாராவது ஒருத்தி முந்தட்டும்."

வடிவு கடைக்குத் திரும்பி வந்தாள், ஊசியைக் கோத்தாள், வெகுநேரம் குத்தாமலே வைத்திருந்தாள். பதினைந்து வருஷமாக நூல் பிடித்து நூல் பிடித்து அவள் காப்பாற்றிய சமம், இப்போது இரண்டு பேருக்குமே வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு மார்க். ஒரே ஒரு மார்க் குறைந்தால் காந்திமதிக்கு என்ன கெட்டுவிடும்? உயரத்துக்கு டேப் இருக்கிறது, ஆகவே குறைவது தெரிகிறது. அறிவுக்கு ஏது டேப்? ஒருவேளை அது குறையாதோ என்னவோ. இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவள் ஊரிலேயே விஷயம் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி என்பதுதான் கொடுமை. கோமதியா காந்திமதியா என்று யோசித்துப் பார்க்கவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பதினோரு நிமிஷம் முன்னால் பிறந்தவள் கோமதி, அதனால் அந்தப் பெயர் முன்னால் வந்தது.

வாக்கியம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம்தான், பெயரை மாற்றினால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகைக்கு முன்னால் போய் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், இரண்டாவது தடவை வாயைத் திறக்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற நாக்கு அது, புரண்டுவிட்டால் என்ன செய்வது? எனவே மற்றவர்களைப் போலவே அவளும் மனப்பாடம் பண்ணினாள். செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் கடையில் குனிந்து உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டே, ஊசி உள்ளே போகும்போது கோமதி, வெளியே வரும்போது காந்திமதி, உள்ளே போகும்போது கோமதி, வெளியே வரும்போது காந்திமதி என்று, 'கோமதி இஸ் ப்ரைட்டர் தேன் காந்திமதி', ஒரு தையலுக்கு ஒரு தடவை முணுமுணுத்தாள். ஒரு பாவாடை ஓரத்துக்கு இருநூறு தையல். அந்த மூன்று நாளில் அவள் ஒன்பது பாவாடை முடித்தாள், அதில் இரண்டு அவள் பிள்ளைகளுடையவை.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது காந்திமதி அடுப்படியில் தம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோமதி முகம் வெளிறி நின்றிருந்தாள்.

"எம்மா" என்றாள் காந்திமதி, "ஏழுக்கு அப்புறம் என்னம்மா வரும்?"

பலகைக்கும் வாக்கியம் பலிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையென்று வடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த வாயின் மேலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை. திங்கள்கிழமை டெஸ்டில் கோமதி முந்தினாள், தலைமையாசிரியையின் கை எழுதியது, சித்திரையில் கோமதி மதுரைக்குப் பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக அவள் காந்திமதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் விட்டாள்.

ஊர் நல்ல ஊர்தான். வடிவைப் பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். கோமதி எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி, கூடப் பிறந்ததே அவள் பக்கத்தில் மங்கிவிட்டதே என்று புகழவும் செய்தார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பெற்றோர் சங்கம் கூடியபோது, ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று தலைவர் எழுந்தார். ஒரு பிள்ளையை உயர்த்த இன்னொரு பிள்ளை இரண்டாவதாக வரவேண்டியிருக்கிறது, இது எல்லாப் பெற்றோருக்கும் மனக்கஷ்டம், போன வருஷம் எத்தனை சண்டை வந்தது. இப்போது காந்திமதி இருக்கிறாள், வகுப்பில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் எல்லா வாக்கியத்திலும் இரண்டாவது பெயராக அவள் பெயரையே போட்டுவிட்டால் வேறு எந்தப் பிள்ளைக்கும் பாதகமில்லை, அவளுக்கும் இனிக் குறைய என்ன இருக்கிறது என்று கேட்டார். கைதட்டினார்கள். பேபியின் அம்மாதான் முதலில் தட்டினாள், அவளைக் குறை சொல்ல முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வடிவு முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

குறைவதற்கு இருந்தது. ஏழு போய், ஆறு போய், எண்ணிக்கையே போயிற்று. பிறகு ஜாக்கெட் ஊக்குகளை மாட்டத் தெரியாமல் போனது, பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு வலது கால் செருப்பு. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற பிள்ளை காலையில் போன பிள்ளையைவிட ஒரு பிடி குறைந்திருந்தாள். ஆடி மாதம் ஒருநாள் கொதிக்கிற பாலை எடுக்க, நெருப்பு சுடும் என்பது ஞாபகமில்லாமல், வெறும் கையை உள்ளே விட்டாள்.

கட்டுப் போட்ட கையோடு மகளை வீட்டில் படுக்கவைத்துவிட்டு வடிவு பள்ளிக்கு நடந்தாள். பிரிசில்லா டீச்சர் ஆளில்லாத வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்திருந்தாள். மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதியும் கிடைக்கவில்லை என்று அவளாகவே சொன்னாள். பாடத்தை நிறுத்தினால் தலைவரும் சங்கமும் மேலிடத்துக்கு மனுப் போடுகிறார்கள், இன்னொரு டீச்சர் வந்தாலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்றாள்.

"ஏத்திவிட வழியே இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள் வடிவு.

"இல்லக்கா. எல்லாம் எழுதிப் பாத்துட்டேன். அது யாரையும் தூக்கிவிடாது. இறக்கத்தான் செய்யும்." டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "ரெண்டு பேரும் பழையபடி சமமாகணும்னா ஒரு வழி இருக்கு. பேரை மாத்திச் சொல்லணும். கோமதி கீழ வந்துருவா."

வடிவு அந்தப் பக்கமும் யோசித்தாள், யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ஆயிரத்தெண்ணூறு தடவைக்கு ஆயிரத்தெண்ணூறு தடவை, பள்ளியில் குறைந்ததற்கும் அதே அளவு தடவை, நூல் பிடித்த மாதிரி இரண்டும் ஒன்றாகிவிடும், எந்தப் பிள்ளைக்கும் அவள் துரோகம் செய்தவள் ஆகமாட்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இடுப்பில் கோமதியின் கடிதம் இருந்தது, அன்று காலைதான் தபாலில் வந்திருந்தது, கணக்கில் நூற்றுக்கு நூறாம், காந்திமதிக்கென்று ஒரு ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறாளாம். வடிவு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எம் பேரப் போடுங்க டீச்சர்" என்றாள். "ரெண்டாவது பேருதான வேணும். ஊருக்கு ஏதோ ஒரு பேரு."

"அக்கா, நாப்பத்திரண்டு பிள்ளைங்க. ஒவ்வொரு வாக்கியமும் மூணு தடவை. தினமும்."

"அளவு எனக்குத் தெரியாதா டீச்சர்? முதல்ல காந்திமதியைப் போட்டு ஆரம்பிங்க. அவளுக்குக் கீழயும் ஒரு ஆள் இருக்கட்டும்."

மறுநாள் காலை பலகையில் 'காந்திமதி இஸ் ப்ரைட்டர் தேன் வடிவு' என்று வாக்கியம் வந்தது. எழுதும்போது டீச்சர் அழுதாள், அழுதுகொண்டே எழுதினாள். பள்ளிக் குழாயடியில் நின்று வடிவு ஜன்னல் வழியாகக் கேட்டாள். காந்திமதி என்று தொடங்கியபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இந்த மகள் பெயர் இங்கிலீஷில் முன்னால் நின்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள். அதன்பிறகு சிந்துஜா, மல்லிகா, பேபி என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன, கடைசிப் பெயர் மட்டும் மாறவில்லை. தினமும் வந்து குழாயடியில் நின்றாள். பதினைந்தாம் நாளோ இருபதாம் நாளோ, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ராகம்போட்டுச் சொல்லும் அந்தக் கடைசிப் பெயர் யாருடையது, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். அதன்பிறகு குழாயடிக்கு எதற்கு வருகிறோம் என்பது தெரியாததால் வரவில்லை.

பாய் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஊசியையும் துணியையும் கையில் கொடுத்தால் ஓரம் அடித்துக்கொண்டே இருப்பாள், ஒரு தையல்கூடக் கோணாது, போதும் என்று சொல்லும் வரைக்கும் நிறுத்தத்தான் தெரியாது. சாயங்காலம் காந்திமதி வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவாள். காந்திமதி உயரவில்லை, இழந்த ஒன்றும் அவளுக்குத் திரும்பி வரவில்லை, கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வழியைப் பாய்தான் புதிதாகப் பழக்கினார், நெருப்பு சுடும் என்பதை வெந்த கை பழக்கியது. ஆனால் வழி தவறாமல் கூட்டிப்போக ஒரு ஆள் கிடைத்துவிட்டது, நெருப்பைத் தொடாதே என்று அதட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அவள் முதுகு நிமிர்ந்தது. தெருவில் நடக்கும்போது அம்மாவின் முந்தானையைச் சுண்டி இழுத்து, வேகமா வா, ஒனக்கு ஒண்ணுமே தெரியாது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள், ஊர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளும், பாவம் பிள்ளை தேறிவிட்டது என்று பேசிக்கொள்ளும்.

அரையாண்டு லீவுக்குக் கோமதி வந்தாள். பஸ் ஸ்டாண்டிலேயே பாய் அவளைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், வடிவு முன்பு அவரிடம் சொல்லியிருந்த வாக்கியத்தையும் ஒன்பது பாவாடையையும் குழாயடியையும் ஒன்று விடாமல். வீடு வரைக்கும் கோமதி அழுதுகொண்டே வந்தாள். அம்மாவின் காலில் விழுந்து, எனக்கு அந்த இடமே வேண்டாம், என்னையும் இறக்கிவிடு என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

வடிவு அவளைப் பார்த்தாள். காந்திமதியையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருப்பதைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் யார் என்று தெரியவில்லை என்றாலும், பசியோடிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். சாமி படத்துக்கு முன்னாலிருந்த ஒற்றை வாழைப்பழத்தை எடுத்து, சேலை முந்தியில் செருகியிருந்த நூலை உருவி, நீளத்தை அளந்து, சரிபாதியாக மடித்து, மடிப்பில் நகத்தால் கீறி, நூலைச் சுற்றி இழுத்தாள். எது யாருக்கு என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு பாதியைச் சுவரிலிருந்த நிழலிடம் நீட்டினாள்.

காந்திமதி கோமதியின் காதருகே குனிந்தாள். அவள் கண்ணில் மாதக்கணக்காக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுட்டி" என்றாள். "நம்ம ரெண்டு பேரையும் விட மட்டம்."

நம்ம ரெண்டு பேரும். அந்தச் சொல்லை எட்டு மாதமாக விடுதியில் தனிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஏங்கியவள் கோமதி. காலில் விழ வந்தவள் அப்படியே நின்றாள். காந்திமதி அவள் விலாவில் இடித்துச் சிரித்தாள், சின்னப் பிள்ளையிலிருந்து இடித்துச் சிரிக்கும் அதே இடி. கோமதிக்கு முதலில் உதடு கோணியது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரோ சிரிக்கிறார்கள் என்பதால் வடிவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்து முடித்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். அளவு சரியாகத்தான் இருந்தது. வடிவு தொலியை எடுத்துப் பல்லால் வழித்துத் தின்றாள்.